வாடைக்காற்றும் முட்டைக் கணக்கும்

கேள்வி: மார்கழி பிறந்ததும் எங்கள் நாட்டுக்கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. குளிர் பட்டால் கோழியின் மூளையிலுள்ள பினியல் சுரப்பி செயலிழந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் கூறியதால், இரவு முழுவதும் கூண்டைச் சாக்கால் மூடி, வெயில் ஏறிய பிறகே எடுக்கிறோம். பயன் இல்லை. அவர் கூறியது சரியா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அச்சுரப்பி குளிரால் செயலிழப்பதில்லை. உங்கள் கோழிகளைத் தொல்லைப்படுத்துவது குளிரைவிட அந்தச் சாக்காகவே இருக்கக்கூடும்.

பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் இடையே, மண்டையோட்டுக்கு நேர் கீழே அமைந்திருக்கும் பினியல் சுரப்பி, நம்முடையதைப்போல் கண் அனுப்பும் செய்திக்காகக் காத்திராமல், எலும்பை ஊடுருவி வரும் ஒளியைப் பறவைகளில் தானே உணர்கிறது. அதற்குரிய பினாப்சின் என்ற புரதத்தைக் கோழியின் பினியலில்தான் 1994இல் கண்டறிந்தார்கள். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, விடிந்ததும் அதைக் குறைத்துக்கொள்ளும் இச்சுரப்பி, பறவையின் உடற்கடிகாரங்களுள் முதன்மையானது. இதை நீக்கிய சிட்டுக்குருவிகளைத் தொடர்ந்து இருளில் வைத்தபோது, அவற்றின் நடமாட்டத்தில் இருந்த அன்றாட ஒழுங்கே மறைந்துபோனதை 1968இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

குளிருக்கு வருவோம். கோழிக்குஞ்சின் பினியல் செல்களைத் தனியே வளர்த்து ஆராய்ந்தபோது, வெப்பநிலைக்கு ஏற்ப மெலடோனினின் அளவு மாறியதே தவிர, கடிகாரத்தின் வேகம் ஏறக்குறைய மாறவில்லை. அதே வேளையில், வெப்பநிலையை 37 பாகைக்கும் 42 பாகைக்கும் இடையே முறைப்படி மாற்றியபோது, அந்தச் செல்கள் அம்மாற்றத்தோடு ஒத்திசைந்து ஓடின. ஆனால் அது ஆய்வகத் தட்டில் நிகழ்ந்தது. உயிருள்ள கோழியோ இறகைச் சிலிர்த்தும், தேவைப்பட்டால் தசைகளை நடுக்கியும், தன் உடலை 41 பாகையை ஒட்டியே வைத்துக்கொள்வதால், வெளிக்குளிர் அதன் மூளைவரை எளிதில் எட்டுவதில்லை. மேலும், 20 பாகையை ஒட்டிய கடலூர் மார்கழி இரவு வளர்ந்த கோழிக்கு இதமானதே. போர்வை தேடுபவர்கள் நாம்தான்.

முட்டையைத் தீர்மானிப்பதில் பகலின் நீளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அளப்பதும் பெரும்பாலும் பினியல் அன்று. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள ஒளியுணர் செல்களே. ஆனி மாதத்தில் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரமாக இருக்கும் நம் பகல், மார்கழியில் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. சாக்கை வெயில் ஏறிய பிறகு எடுப்பதால், அதிலும் ஒரு பகுதியை நீங்களே குறைத்துவிடுகிறீர்கள். முட்டைக்கோழிப் பண்ணைகளில் மின்விளக்கின் துணையோடு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தருவது இதனால்தான்.

வாடை வீசும் வடக்குப் பக்கத்தை மட்டும் மறைத்து, கிழக்கைத் திறந்து வையுங்கள். மாலையில் இரண்டு, மூன்று மணி நேரம் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். குஞ்சுகள் இருந்தால், அவற்றுக்கு மட்டும் தனியே கதகதப்பு வேண்டும். இறகு உதிர்க்கும் கோழிக்கும் அடைக்கு அமர்ந்துவிட்ட கோழிக்கும் இந்த விளக்கு உடனடிப் பயன் தராது.