மலையில் கிடக்கும் விமானங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரில் விழுந்த அமெரிக்க விமானங்கள் அருணாசல மலைகளில் இன்னும் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படை விமானத்தைக் கண்டுபிடிக்கவே ஏழரை வருடம் ஆனது. எண்பது வருடப் பழசை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்தபின் ஏன் எடுத்துவருவதில்லை?

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

அந்த ஏஎன்-32 காணாமல்போனது 2016 ஜூலை 22, 29 பேருடன். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கருவி சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில்தான் அதன் சிதைவுகள் தெரிந்தன. 2024 ஜனவரியில் செய்தி வந்தது. கடலடியில் வேட்டைக்காரர்கள் கிடையாது. மலையில் உண்டு; விமானம் எங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

1942இல் சீனாவுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்த பர்மா சாலையை ஜப்பான் மறித்ததும், அசாமிலிருந்து சீனாவின் குன்மிங்குக்குப் பெட்ரோலும் வெடிபொருளும் இமயத்தைத் தாண்டிப் பறந்தன. போர் முடிவதற்குள் சுமார் 600 விமானங்கள் அழிந்துபோயின. எதிரி சுட்டதைவிட வானிலை வீழ்த்தியதே அதிகம். றெக்கையில் பனி உறைந்தது. மேகத்துக்குள் மலை தெரியவில்லை.

நாம்தான் அவை தொலைந்துவிட்டதாக நினைக்கிறோம். காட்டில் கிடந்த அலுமினியத் தகட்டை ஊர்க்காரர்கள் வெட்டியெடுத்துப் பாத்திரம்கூடச் செய்திருக்கிறார்கள். ஆகவே தேடிப் போகிறவரின் முதல் வேலை, ஊருக்குள் உட்கார்ந்து பெரியவர்களிடம் பேச்சுக்கொடுப்பது. வெளியாள் வந்து ‘நான் கண்டுபிடித்தேன்’ என்னும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது: அது எந்த விமானம் என்று சொல்வது. மோதிய வேகத்தில் எல்லாம் சிதறியிருக்கும். ஆனால் காணாமல்போன விமானத்துக்கு அமெரிக்க ராணுவம் ஓர் அறிக்கை எழுதும். என்ஜின்களின் எண்கள், உள்ளே இருந்தவர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கும். புதருக்குள் துருப்பிடித்த என்ஜினில் எண் தகடு மிஞ்சியிருந்தால், அங்கிருந்து பெயர்களுக்குப் போய்விடலாம். எங்கோ ஒரு குடும்பத்துக்குத் தகவல் போகும்.

எடுத்துவராததற்கு முதல் காரணம், அங்கே சாலை கிடையாது. பல இடங்களுக்கு நாள்கணக்கில் நடக்கவேண்டும். அப்புறம், உடைசல்களுக்கு அடியில் இன்னும் எலும்புகள் இருக்கலாம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போகிறோம், ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டா வருவோம்? அப்படியும் சில பாகங்கள் இறங்கியிருக்கின்றன. அருணாசலத்தின் பாசிகாட் நகரில் 2023இல் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். மலையேற முடியாதவர்களுக்கு அது போதும்.

போவதானால் இன்னர் லைன் பெர்மிட், அதாவது வெளிமாநிலத்தவர் அருணாசலத்துக்குள் நுழைவதற்கான அனுமதி, எடுக்க மறக்காதீர்கள். மழைக்காலம் வேண்டாம், அட்டைப்பூச்சிகள் விடாது.