டிப்பரிலிருந்து வந்த கல்லுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் கிரவல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் என் சின்ன ஜீப்பில் வந்தேன். கல் அடித்து முன்கண்ணாடி வெடித்துவிட்டது. டிப்பரில் மட் ஃப்ளாப்பும் (சில்லுக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் தட்டு) இல்லை, படங்கும் மூடவில்லை. சாரதியோ, "உங்கட வாகனத்திலயும் மட் ஃப்ளாப் இல்லைத்தானே, பிறகென்ன?" என்கிறார். கதவடிப் பெயின்டும் உரிந்திருக்கிறது. நட்டஈடு கேட்கலாமா?
- ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: கேட்கலாம், ஆனால் கண்ணாடிக்கு மட்டும்.

சாரதியின் பேச்சில் குழம்பாதீர்கள். உங்கள் சில்லுக்குப் பூட்டும் மட் ஃப்ளாப் உங்கள் கதவடியையும் பின்னால் வருகிறவரையும்தான் காக்கும். முன்னாலிருந்து பறந்து வரும் கல்லைத் தடுக்காது. எனவே அது இல்லாததற்கும் கண்ணாடி வெடித்ததற்கும் தொடர்பில்லை. கதவடிப் பெயின்ட் வேறு. உள்வீதிக் கிரவலை உங்கள் முன்சில்லே வாரி அடித்த வேலை அது. அதையும் சேர்த்துக் கேட்டால் நியாயமான கோரிக்கையும் கெட்டுப்போகும்.

கல் பெட்டியிலிருந்து விழுந்ததா, வீதியில் கிடந்ததைச் சில்லு கிளப்பியதா என்பதுதான் முக்கியம். விழுந்தது என்றால் படங்கு மூடாத கவனயீனம் தெளிவு. சில்லு கிளப்பியது என்றால் நிரூபிப்பது கடினம்; மட் ஃப்ளாப் இல்லாத பின்பக்கமும் இலக்கத் தகடும் தெரியும் படம் கட்டாயம் வேண்டும். பலர் ஒரு படம்கூட எடுக்காமல் கண்ணாடியை மாற்றிவிட்டு வருகிறார்கள், அப்புறம் எதைக் காட்டி வாதாடுவது? நீங்கள் ஒட்டி ஓடியதாகவும் சொல்வார்கள். அது உண்மையானாலும் உரிமை முழுதாகப் போகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும், அவ்வளவுதான்.

உடனே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். சாரதி வேலை நேரத்தில் ஓடியிருந்தால் அவரை வேலைக்கு வைத்திருப்பவரும் பொறுப்பு; பெரும்பாலும் அது வாகன உரிமையாளர்தான். உங்களிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் கண்ணாடியை மாற்றுமுன் அவர்களுக்கு அறிவியுங்கள். அவர்கள் முழுதாகத் தந்த பணத்தை டிப்பர்காரரிடம் மறுபடி வாங்க முடியாது. ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதலில் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குப் போங்கள். இந்தளவு தொகைக்கு வழக்குப் போடவும் அந்தச் சபையின் சான்றிதழ் தேவைப்படும். சம்பவ நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பேச்சுவார்த்தை இழுபடும்போது இந்தத் திகதியை மறந்துவிடாதீர்கள்.

மட் ஃப்ளாப்பையும் பூட்டிவிடுங்கள், உங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்காகவும்தான். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி, சில்லு அதில் உரசவில்லை என்று பார்த்த பிறகு கராஜுக்குக் காசைக் கொடுங்கள், பில்லையும் வாங்குங்கள்.