மாத்திரைக்கு கார்டு, மைத்துனருக்கு ரொக்கமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறேன். குடியை விட்டு 3 வருடம் ஆகிறது. விபத்துக்குப் பிறகு தீராத முதுகு நரம்பு வலி. போதைப் பழக்கமாகக்கூடிய வலி மருந்துகள் எனக்கு வேண்டாம் என்று டாக்டர் டுலாக்செடினும் வேறு 2 மாத்திரைகளும் எழுதியிருக்கிறார். மாதம் 4,600 ரூபாய், கார்டில்தான் வாங்குகிறேன். பாக்கி 62,000 ஆகிவிட்டது, மினிமம் டியூ கட்டி வருகிறேன். மைத்துனரின் கார் இ.எம்.ஐ. 8,000-ஐயும் நான்தான் கட்டுகிறேன். நான் குடித்த காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். மாதக் கடைசியில் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். மருந்துச் செலவு தரும் ஓபிடி பாலிசி எடுக்கலாமா?

பதில்: பாலிசி இருக்கட்டும். உங்களை அரிப்பது அந்த 8,000.

மினிமம் டியூ 5% என்றால் 3,100. மாத வட்டி 3.5% என்று வைத்தால் 2,170, அதன்மேல் ஜிஎஸ்டி 390. அசலில் கழிவது 540 ரூபாய். அதே மாதம் 4,600-க்கு மருந்து ஏறுகிறது. ஆக, கடன் மாதம் 4,000 வளர்கிறது. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி.

மைத்துனர் செய்த உதவி பெரியதுதான். அவர் தாங்கிய குடும்பம் நிலைக்க நீங்கள் வலியில்லாமல் வேலைக்குப் போக வேண்டும். உங்கள் மனைவியையும் உட்காரவைத்து, அடுத்த மாதத்திலிருந்து இ.எம்.ஐ. கட்ட முடியாது என்று மைத்துனரிடம் நேராகச் சொல்லுங்கள். காரணமாகக் குற்ற உணர்ச்சியைப் பேசாதீர்கள், மேலே உள்ள கணக்கைக் காட்டுங்கள்.

மருந்தின் ஜெனரிக் பெயரை (கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரை) டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மலிவாக ஜெனரிக் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். செலவு பாதியானால் 2,300. அதை ரொக்கமாகக் கொடுங்கள். 8,000 + 3,100-இல் மருந்து போக மீதி 8,800 கார்டுக்குப் போனால் 9 மாதத்தில் கடன் தீரும். அதுவும் கடினமென்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் புறநோயாளி பிரிவுக்குப் போங்கள், அங்கே மருந்து இலவசம். பழைய குடிப்பழக்கத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஓபிடி பாலிசி இப்போது எல்லா ஏஜென்ட் வாயிலும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம்வரை காத்திருக்க வைக்கலாம். குடிப்பழக்கத்தை மறைத்து எடுத்தால் கிளெய்மே மறுக்கப்படலாம். இந்த மாத மாத்திரைக்கு அது உதவாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதை இன்றே நிறுத்துங்கள். டுலாக்செடினை இஷ்டத்துக்கு விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். அளவைக் குறைப்பதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.