பெட்டைக்குட்டி என்றால் வேண்டாமா? திருகோணமலையில் வீடு தேடும் நாய், பூனைகள்: கேள்வி பதில்

கைவிடப்பட்ட நாய், பூனைகளை எடுத்துத் தேற்றி, ஊசி போட்டு, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிற வேலையை 11 வருடமாகச் செய்கிறேன். இன்றைக்கு என் வளவில் ஆறு நாய்க்குட்டியும் நாலு பூனைக்குட்டியும் ஒரு வளர்ந்த நாயும் நிற்கின்றன. ஆறு குட்டியில் ஐந்து பெட்டை. இந்தக் கிழமை கடுவன் கேட்டு ஒன்பது பேர் பேசினார்கள். பெட்டை கேட்டு ஒருவரும் இல்லை. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஒருவர்: அக்கா, எங்களுக்குக் கடுவன்தான் வேணும். பெட்டை என்றால் வருசத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், ஊர்க் கடுவனெல்லாம் கேற்றடியில வந்து நிற்கும். யார் பார்க்கிறது?

நீங்கள் சொல்கிற இரண்டும் உண்மைதான். ஆனால் ஒரு சத்திரசிகிச்சையோடு இரண்டும் நின்றுவிடும். ஆறு மாதமளவில் கருத்தடை செய்த பெட்டை பருவத்துக்கு வராது, குட்டி போடாது, கேற்றடியில் கூட்டமும் சேராது. காவலில் ஒரு குறையும் வராது. என் அனுபவத்தில் வளவை விட்டு ஓடித் திரிவதும் மற்ற நாயோடு சண்டை பிடித்துக் காதைக் கிழித்துக்கொண்டு வருவதும் கடுவன்தான்.

போன மாரியில் ஒரு விடியற்காலை, உரப்பை ஒன்றின் வாயைக் கயிற்றால் கட்டி ஒழுங்கை முடக்கில் வைத்திருந்தார்கள். மழையில் பை நனைந்து குட்டிகளின் உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே ஏழு குட்டி, ஏழும் பெட்டை. கடுவன்களை வீட்டில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். நாலு குட்டி உயிரோடு இருந்தன. "கடுவன்தான் வேணும்" என்று எல்லோரும் சொல்லச் சொல்ல அந்தப் பை நிரம்பிக்கொண்டே இருக்கும். தயவுசெய்து ஒருமுறை வந்து பெட்டைக்குட்டிகளைப் பாருங்கள். கருத்தடைக்குரிய நாளை நானே ஒழுங்கு செய்து, கூட வந்து நிற்பேன்.

பாலையூற்றிலிருந்து: ஒரு ஈற்று ஈன்ற பிறகுதான் ஒப்பரேசன் செய்ய வேணும், இல்லாட்டி பாவம் என்று அம்மா சொல்றா. சரியா?

அம்மா இரக்கத்தோடுதான் சொல்கிறா, ஆனால் நாயின் உடம்புக்கு அது தேவையில்லை. முதல் பருவத்துக்கு முன்னரே செய்தால் பிற்காலத்தில் பால்மடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறையும். கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயது போகப் போகக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம், கவனிக்காவிட்டால் அது உயிரைக் கொண்டுபோய்விடும். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். கொஞ்சம் பொறுப்போம் என்று இருக்கும்போதே அந்த நாள்கள் ஓடிவிடும். பூனையில் இன்னும் கவனம் வேண்டும். நாலைந்து மாதப் பூனைக்குட்டியே சினைப்படும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும்.

சத்திரசிகிச்சைக்கு முன் எத்தனை மணித்தியாலம் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பிறகு பத்து நாள் குளிக்க வார்க்காமல், தையலை நக்க விடாமல் பார்த்தால் போதும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: வயல் வரம்பில மூன்று பூனைக்குட்டி கிடந்தது. இன்னும் கண் திறக்கேல்ல. பசுப்பால் கொடுக்கலாமா?

தம்பி, முதலில் தாய் வருகுதா என்று கொஞ்சத் தூரத்தில் நின்று பாருங்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். வராவிட்டால் மட்டும் எடுங்கள்.

எடுத்ததும் பால் கொடுக்க வேண்டாம், சூடு கொடுங்கள். உடம்பு குளிர்ந்திருக்கிற குட்டிக்குப் பால் செரிக்காது. போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, துவாயால் சுற்றி, மட்டைப்பெட்டிக்குள் அவற்றின் பக்கத்தில் வையுங்கள். பசுப்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். பூனைக்குட்டிக்கென்று பால்மா இருக்கிறது, மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். குட்டியைக் குழந்தைபோல மல்லாக்கப் பிடித்துப் பால் பருக்கினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். அது வயிறு கீழே இருக்கக் குப்புறப் படுத்தபடி குடிக்கட்டும். இந்த வயதில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் கொடுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, மூன்று கிழமை வரைக்கும் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் நக்கித்தான் அது வரும். தாய் இல்லாத இடத்தில் நீங்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவிவிடுங்கள், ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும். எத்தனையோ பேர் நல்லாகப் பால் கொடுத்தும் குட்டி செத்துப்போனதற்கு இதுதான் காரணம்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி: நான் மூன்று மாதம். வீட்டில ஒரு பூனை நிற்குது. கர்ப்பிணிக்குக் கூடாது, கொண்டுபோய் விடு என்று மாமி சொல்றா. எனக்கு மனம் வருதில்ல.

விட வேண்டாம், தங்கச்சி. மாமி பயப்படுகிற நோய் இருக்கிறது, டொக்சோபிளாஸ்மா என்ற கிருமியால் அது வருகிறது. பூனையின் மலத்தில் அந்தக் கிருமி வரலாம். ஆனால் வெளியே வந்து ஒரு நாளாவது போனால்தான் அது தொற்றும். ஆகவே மண் தட்டை ஒவ்வொரு நாளும், நீங்களல்ல, வீட்டில் வேறொருவர் துப்புரவாக்கட்டும். பூனைக்கு வேகாத இறைச்சி கொடுக்காதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். வேகாத இறைச்சியாலும் கழுவாத கீரையாலும்கூட அதே நோய் மனிதருக்கு வரும், சமைக்கும்போது கவனம். தோட்ட வேலைக்குக் கையுறை போடுங்கள். பூனையை மடியில் வைத்துத் தடவுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் டொக்டரிடமும் சொல்லிவையுங்கள், மாமிக்கும் ஆறுதலாக இருக்கும்.

லிங்கநகரிலிருந்து: இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் குட்டி இரத்தமாகக் கழிந்து செத்துப்போச்சு. பிள்ளைகள் அழுகுதுகள். இன்னொரு குட்டி தருவீங்களா?

நீங்கள் சொல்வது பார்வோ என்ற வைரஸ் நோய் போலத்தான் தெரிகிறது. மனம் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இப்போது குட்டி தரமாட்டேன். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். சீமெந்துத் தரையை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவலாம், மண் வளவில் அது வேலை செய்யாது. தடுப்பூசி எல்லாம் முடிந்த வளர்ந்த நாய் ஒன்றை எடுங்கள். குட்டிதான் வேண்டுமென்றால், நாலு மாதம் தாண்டி ஊசி முழுதும் போட்டு முடிந்த பிறகு நான் தருகிறேன்.

திருக்கடலூர் அண்ணை ஒருவர்: கரையில திரியிற நாயின்ர சொண்டில தூண்டில் முள் ஏறியிருக்கு. இழுத்தா வருமா?

இழுக்காதீங்க அண்ணை. முள்ளின் கொளுக்கி சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். மிருக வைத்தியர் மயக்கி, முன்பக்கமாகத் தள்ளி, கொளுக்கியை வெட்டி எடுப்பார். வாய்க்குள்ளிருந்து தங்கூசி நூல் தொங்கினால் அதையும் இழுக்கக்கூடாது, குடலை அறுத்துவிடும். சாக்கால் மூடிப் பிடித்து ஆட்டோவில் கொண்டுவாருங்கள், நான் வருகிறேன்.

சாம்பல்தீவு ஐயா ஒருவர்: பிள்ளை, முந்தி கட்டாக்காலி நாய்களைப் பிடிச்சுக் கொன்றவை. இப்ப ஏன் செய்யினமில்ல?

ஐயா, 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டத்தை வைத்து நீண்ட காலம் அப்படிச் செய்தார்கள். 2006இல் அரசு அதை நிறுத்தியது. கொன்றாலும் நாய் குறையவில்லை. ஒரு ஒழுங்கையின் நாய்களை அகற்றினால், அந்தக் குப்பையையும் மிச்சச் சோற்றையும் தேடி ஊசி போடாத வேறு நாய்கள் வந்துவிடும். ஒரு பகுதியின் நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் விசர்நோய் பரவுவது அறுந்துவிடும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் ஒழுங்கை நாய்களுக்கு ஊசி போட வரும் நாளில் அவற்றைப் பிடித்துத் தர நீங்கள் நின்றால் பெரிய உதவி. உங்களைத் தெரிந்த நாய்கள் உங்கள் கைக்குத்தான் வரும்.

ஒரு தாய்: நீங்கள் தந்த பூனைக்குட்டி மகளின் கையைப் பிறாண்டிவிட்டது.

உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று இருக்க வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம். குட்டியின் ஊசி அட்டையையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

பலர்: சும்மா கொடுக்கிற நாய்க்கு ஏன் இத்தனை கேள்வி? ஏன் வீட்டைப் பார்க்க வருகிறீர்கள்?

ஒரு முறை வீடு பார்க்காமல் ஒரு குட்டியைக் கொடுத்தேன். மூன்று மாதக் குட்டிக்குக் கட்டிய நைலோன் கயிற்றை ஒருவரும் தளர்த்தவில்லை. எட்டாம் மாதம் போய்ப் பார்த்தபோது கயிறு தெரியவில்லை, கழுத்தைச் சுற்றி ஈ மொய்க்கும் ஈரக்கோடு மட்டும் தெரிந்தது. கயிற்றின் மேல் தோல் வளர்ந்திருந்தது. மயக்கி, வெட்டித்தான் எடுத்தார்கள். கழுத்துப்பட்டிக்குள் எப்போதும் இரண்டு விரல் போக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கவும், நிழலும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்க்கவும்தான் வருகிறேன். கச்சான் காற்று வீசும் நாளில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிய நாய் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்பேன்.

உப்புவெளியிலிருந்து: கழுத்தில் தழும்போடு ஒரு கபில நிற நாயைப் பார்த்தேன். அவளை யாரும் எடுத்துவிட்டார்களா?

இல்லை, இங்கேதான் நிற்கிறாள். அந்தக் கயிற்றுக் குட்டி அவள்தான். வயது மூன்று, கருத்தடையும் ஊசியும் முடிந்தது. புதிய வீட்டில் முதல் இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் படுப்பாள், கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், தானாக எழும்பி வருவாள். கழுத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம், முதலில் நெஞ்சைத் தடவுங்கள். ஞாயிறு பின்னேரம் வாருங்கள். வரும்போது உப்புப் போடாமல் அவித்து முள் எடுத்த சூடை மீன் கொஞ்சம் கொண்டுவந்தால், விறாந்தைப் படிவரைக்கும் வந்து உங்களைப் பார்ப்பாள்.