பீங்கான் சாமுராய் தலைக்கவசம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாமனார் ஒசாகாவில் வேலை பார்த்தபோது அவருக்குப் பரிசாக வந்த பீங்கான் தலைக்கவசம் எங்கள் வீட்டில் இருக்கிறது. உள்ளங்கை அளவு, தங்கக் கொம்பு, சிவப்புக் கயிறு. இது எதற்கான பொருள் அக்கா?

பதில்: பிள்ளைகளுக்கான பண்டிகைப் பொருள் அம்மா. ஜப்பானில் மே 5 குழந்தைகள் தினம். 1948-இல் அது தேசிய விடுமுறை ஆனது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ஆண் பிள்ளைகளின் திருநாள். எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) சாமுராய் என்ற போர்வீரர்களின் வீடுகளில் கவசங்களையும் கொடிகளையும் வெளியே எடுத்து வைப்பார்கள். அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் காகிதத்திலும் மரத்திலும் செய்துகொண்டார்கள். நாளடைவில் அது வீட்டுக்குள் வந்து அலங்காரமானது. இன்றைய சிறிய வீடுகளுக்கு உள்ளங்கை அளவுப் பீங்கான் கவசம் வசதி. வாசல் செருப்பு அலமாரியின் மேலேயே உட்கார்ந்துவிடும். மார்ச் 3-ஆம் தேதி பெண் பிள்ளைகளின் திருநாளுக்கு வைத்த பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்த பிறகு இதை வெளியே எடுப்பார்கள். மே மாதத்தோடு மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

கேள்வி: கொம்பில் தங்கம் மங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை விளக்கும் பொடி எதுவும் கூடாது. பீங்கானை முதலில் 1300 டிகிரி வாக்கில் சுடுகிறார்கள். அப்புறம் மெருகின் மேல் வண்ணம் தீட்டி 800 டிகிரி வாக்கில் இன்னொரு சூடு. தங்கம் அதற்கும் பிறகு, இன்னும் குறைந்த சூட்டில் ஒட்டிய மெல்லிய படலம்தான். தேய்த்தால் பளபளக்காது, காணாமல் போகும். மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள், போதும்.

கேள்வி: விபூதி போட்டு மெதுவாகத் துடைத்தால்?

பதில்: முந்தைய பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: என் கவசத்தில் கொம்புக்குப் பதில் பிறை நிலா இருக்கிறது. தயாரிப்பில் கோளாறா, நிலா ஒரு பக்கம் குட்டையாக இருக்கிறதே?

பதில்: கோளாறு இல்லை தம்பி, செய்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அது தாதே மசமுனேயின் பிறை. ஜப்பானின் செண்டாய் பகுதியை ஆண்ட சாமுராய் தலைவர், 1567 முதல் 1636 வரை வாழ்ந்தவர். அவர் கவசம் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைக்கவசத்தில் தலையை மூடும் கிண்ணம் 62 இரும்புத் தகடுகளைச் சேர்த்து ஆணியடித்தது. பிறையின் வலப்புறம், அதாவது அணிந்தவரின் வலக்கை பக்கம், குட்டை. வாளை ஓங்கும்போது இடிக்காமல் இருக்கத்தான் என்று சொல்வார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வார்த்த மலிவு பொம்மைகளும் உண்டு. நான் அவற்றை வாங்குவதில்லை. ஆறு காசு சின்னம் இருந்தால் சனாதா என்ற சாமுராய் குடும்பத்துடையது. 'அன்பு' என்ற எழுத்து நெற்றியில் இருந்தால் நாவோயே கானேத்சுகு என்ற சாமுராயுடையது. இந்த முகப்புச் சின்னங்களைப் பெரும்பாலும் மரம், தோல் போன்ற இலகுவான பொருளில் செய்து அரக்குப் பூசினார்கள். தலையில் அத்தனை இரும்பை யார் சுமப்பது?

கேள்வி: அடியில் ஓட்டை இருக்கிறது. உடைந்ததா?

பதில்: சூளையில் உள்ளே இருக்கும் காற்று வெளியேற விட்ட துளை. தக்கை இருந்தால் அது மதுக் குப்பி. கவச வடிவில் அப்படியும் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அடிப்பாகத்தைப் பாருங்கள். பச்சை, மஞ்சள், ஊதா, நீலம், சிவப்பு என்று அடர்த்தியாக இருந்து, இரண்டெழுத்து முத்திரையும் இருந்தால் இஷிகாவா பகுதியின் குதானி என்ற வகைப் பீங்கானாக இருக்கலாம். அய்ச்சி மாகாணத்தின் செத்தோ ஊர் பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போனது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' (Occupied Japan) என்று ஆங்கிலத்தில் அச்சிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா தலைமையிலான நேச நாடுகளின் ஆட்சிக் காலம், 1952-க்குள். ஒன்று மட்டும்: சாமுராய் காலத்துப் பொருள் என்று சொல்லி விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: படத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை.

கேள்வி: பழைய கவசம் வாங்கக் கூடாது, முந்தைய வீட்டுத் தோஷம் வரும் என்று ஜப்பானியரே சொல்கிறார்களே?

பதில்: அவர்கள் சொல்வது வேறு. பிள்ளைக்கு வரும் கெடுதலைக் கவசம் தன்மேல் வாங்கிக்கொள்ளும், அதனால் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்பார்கள். பொம்மைக் கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள், ஏன் என்று உங்களுக்கே புரியும். தாத்தாவின் கவசத்தைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளும் உண்டு.

கேள்வி (அவரே): வியாபாரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் அரைஞாண் கயிற்றை இன்னொரு பிள்ளைக்குக் கட்டுவோமா?

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் கயிறு உடம்பிலேயே கிடக்கிறது, இது வருஷத்தில் சில வாரம் அலமாரியில் இருக்கிறது.

கேள்வி (வேறொருவர்): எங்கள் வீட்டில் வெள்ளி அரைஞாண் மூன்று தலைமுறையாகக் கைமாறுகிறது. ஒன்றும் ஆகவில்லை.

கேள்வி (முதலாமவர்): வெள்ளி வேறு, கயிறு வேறு!

பதில்: நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி, வைத்திருக்கவும் பிடிக்கவில்லை என்றால், ஜப்பானில் பழைய பொம்மைகளுக்குப் பூசை செய்து வழியனுப்பும் கோயில்கள் இருக்கின்றன. அடுத்தது.

கேள்வி: டிவி பக்கத்தில் வைக்கலாமா அக்கா? வீட்டில் இரண்டு வயதுப் பேரன்.

பதில்: கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், மேல் தட்டில். தூக்கும்போது இரண்டு கையாலும் அடியைப் பிடியுங்கள். கொம்பைப் பிடித்துத் தூக்கினால் கொம்பு மட்டும்தான் கையில் வரும்.

கேள்வி: டிஷ்வாஷரில் போட்டால் தங்கம் போகுமா?

பதில்: போகும்.