தம்பி மீது எஃப்.ஐ.ஆர்.: வக்கீலை முதல் தடவை பார்க்கப் போகும் முன்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தோட்டத்து வேலி விஷயமாகப் பங்காளி வீட்டாருடன் சண்டையாகிவிட்டது. என் தம்பி மீது எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, 'சும்மா வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்' என்கிறார்கள். தம்பிக்கும் தலையில் தையல் போட்டிருக்கிறது. மாமா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கூட்டிப் போகிறேன் என்கிறார். அவர் சிவில் வழக்கு மட்டும் பார்ப்பவர் என்று கேள்வி. யாரைப் பார்ப்பது? என்னென்ன எடுத்துப் போவது? நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லலாமா?"

சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும். அதற்கு முன் எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்க வேண்டும். பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் கொடுத்தால் கிடைக்கும். நகலில்லாமல் போய் உட்கார்ந்தால் வக்கீல் பொதுவாகத்தான் பேச முடியும்.

வேலி, வரப்பு, வாய்க்கால் தகராறு என்றால் நம் ஊர்க் காவல் நிலையங்களில் நான்கு பிரிவுகள் கைகோத்துக்கொண்டு வரும்: இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், ஆயுதத்தால் காயப்படுத்தினார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்பது இவற்றின் சாரம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவங்களில் இவையே 294(பி), 323, 324, 506(2) என்ற எண்களில் வந்தன. பழைய ஆட்கள் இன்றும் அந்த எண்களில்தான் பேசுவார்கள், குழம்ப வேண்டாம். இந்த நான்கில் முன்ஜாமீனைப் பற்றி யோசிக்க வைப்பது முக்கியமாக 118(1). அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கேட்டுத்தான் வாங்கவேண்டும்; மூன்றாண்டு வரை தண்டனை. 109, அதாவது கொலை முயற்சி சேர்ந்திருந்தால் கதையே வேறு. ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

நகலில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நேரம், புகார் நிலையத்துக்கு வந்த நேரம், அறிக்கை நீதிமன்றத்துக்குப் போன நேரம். நடுவில் விளக்கமில்லாத இடைவெளி இருந்தால், அந்த நேரத்தில் யோசித்துப் பெயர்களைச் சேர்த்தார்கள் என்று வாதாட இடமுண்டு. நல்ல வக்கீலின் கண் முதலில் போவது அங்கேதான்.

அடுத்து, தம்பியின் தலைத் தையல். நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் பக்கத்தின் பெரிய பலமே அதுதான். அரசு மருத்துவமனைக்கு அடிதடிக் காயத்தோடு யார் போனாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதுதான். 'மாலை 6 மணிக்குத் தெரிந்த நபர்கள் மூன்று பேர் கட்டையால் தாக்கியதாக' என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருக்கும். சம்பவம் சூடாக இருக்கும்போது, புகார் எழுதும் முன்பே, மருத்துவரிடம் சொன்னது அது. எதிர்த்தரப்பு மருத்துவமனையில் 'இரண்டு பேர், கையால்' என்று சொல்லிவிட்டு, எஃப்.ஐ.ஆரில் 'ஐந்து பேர், அரிவாளால்' என்று எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் பாதி வழக்கு அந்த ஒரு வரியிலேயே ஆட்டம் காணும். தம்பியின் ஓ.பி. சீட்டு, ஸ்கேன், சிகிச்சைக்குப் போன தேதி, நேரம் எல்லாம் வேண்டும். அவர் தரப்பில் புகார் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எடுத்துவையுங்கள். கொடுக்கவில்லை என்றால் வக்கீலிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது. இருபுறமும் புகார் இருந்தால் 'கேஸ் இன் கவுண்டர்' ஆகும். இரண்டையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, முதலில் கை வைத்தது யார் என்று பார்க்கவேண்டும்.

இனி வக்கீல் விஷயம். மாமாவின் நண்பர் நல்லவராக இருக்கலாம், நிலப் பத்திரத்தில் புலியாகவும் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வேண்டியவர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் திண்டுக்கல் அமர்வு நீதிமன்றத்திலும் அன்றாடம் நிற்பவர். அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் தள்ளுபடியானால் அடுத்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. அங்கே யாரை வைத்துப் பார்ப்பார் என்பதையும் கேட்டுவிடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் இணையதளங்கள் வழியாக ஆள் பிடிப்பதையும் கண்டித்திருக்கிறது. எனவே நட்சத்திர மதிப்பீடுகளை நம்பிப் போகாதீர்கள். நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடினால் அவர் எந்த வகை வழக்குகளில் ஆஜராகிறார் என்று தெரியும். அதைவிட மேல், ஒரு காலை நேரம் நீதிமன்றத்தில் பின்வரிசையில் போய் உட்காருவது. வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வருபவர் யார், வாய்தா மட்டும் வாங்கிப் போகிறவர் யார் என்று அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

'நாளைக்கே ஜாமீன், நான் கேரண்டி' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் புரோக்கர் காட்டும் வக்கீலும் வேண்டாம். வெற்றி பெற்றால் இவ்வளவு என்று கட்டணம் பேசுவது விதிப்படி கூடாது. முன்ஜாமீனுக்கு எவ்வளவு, குற்றப்பத்திரிகை வந்தபின் வழக்கு நடத்த எவ்வளவு, தட்டச்சு, நகல் செலவெல்லாம் அதில் அடக்கமா என்று கட்டம் கட்டமாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். 'ஸ்டேஷன் செலவு' என்று தனியாக ஒரு தொகை வந்தால் அது லஞ்சம். 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளிதான். தம்பி வழக்கோடு உங்கள் வழக்கும் சேர்ந்துகொள்ளும். பிடிக்காமல் பிறகு வேறு வக்கீலிடம் மாறினால், கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க முன்னவருக்கு உரிமை இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

முதல் சந்திப்புக்குத் தம்பி கட்டாயம் போகவேண்டும். வக்காலத்தில் கையெழுத்திடுபவர் அவர், கட்சிக்காரரும் அவர்தான். மாமா, ஊர்ப் பெரியவர் என்று ஐந்து பேர் சூழ்ந்து உட்கார்ந்தால் தம்பி வாய் திறக்கமாட்டார். கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதற்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு காப்பு தருகிறது. வக்கீலின் குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். கூட உட்கார்ந்து கேட்ட மாமாவுக்குப் பொருந்தாது. சண்டை நடந்தபோது நீங்கள் அங்கே இருந்தீர்களா? அப்படியானால் நாளை நீங்களே தம்பி தரப்புச் சாட்சியாகலாம். 'கொஞ்சம் வெளியே இருங்கள்' என்று வக்கீல் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், விஷயம் தெரிந்தவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு விலக்கும் உண்டு: இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் அந்தக் காப்பு கிடையாது. 'சாட்சியை எப்படி மடக்குவது' என்று பேச்சை எடுக்கவேண்டாம்.

போகும் முன் தம்பி தன் கையால் இரண்டு பக்கம் எழுதட்டும். அன்று காலையிலிருந்து இரவு வரை, நேரத்தோடு: யார் முதலில் வந்தார், என்ன பேசினார், கையில் என்ன இருந்தது, யார் விலக்கிவிட்டார். முன்பகை, பழைய சர்வே தகராறு, இவர் மேல் முன்பு ஏதாவது வழக்கு இருந்தால் அதுவும். தனக்குப் பாதகமானதை முதலில் எழுதவேண்டும். 'நானும் ஒரு அடி அடித்தேன்' என்பதை வக்கீல் தம்பி வாயால் கேட்டுக்கொள்வது நல்லது. அரசு வழக்கறிஞர் வாயால் கேட்டால் அதற்குப்பின் செய்ய ஒன்றுமிராது. மேலே 'என் வழக்கறிஞருக்கு' என்று எழுதி அவரிடம் மட்டும் கொடுக்கவேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. செல்பேசியில் எதையும் அழிக்கவும் கூடாது. பக்கத்துக் கடையிலோ மில்லிலோ கேமரா இருந்தால் இன்றே வக்கீலிடம் சொல்லுங்கள். பல இடங்களில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

போன் அழைப்புக்கு வருகிறேன். அது நோட்டீஸ் ஆகாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்து மூலமாக நோட்டீஸ் தரவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதுகூடச் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகத் தம்பி போனை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடக்கூடாது. 'தலைமறைவு' என்ற ஒரு சொல் முன்ஜாமீன் மனுவைக் கெடுத்துவிடும். வக்கீல் மூலம் பதில் போகட்டும். முறையான நோட்டீஸ் வந்து, அதன்படி ஆஜராகி வந்தால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. நிலையத்தில் 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போ' என்று வெற்றுத்தாளை நீட்டினால் கையெழுத்து வேண்டாம். புலன்விசாரணையில் போலீஸ் பதியும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதே சட்டம்.

பணம் இல்லை என்றால் 15100 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

கடைசியாக ஒன்று, பலர் மறந்துவிடுவது. முன்ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் குறித்த நாட்களுக்குள் நடுவர் நீதிமன்றத்தில் ஆஜராகிப் பிணை கொடுக்கவேண்டும், பெரும்பாலும் இரண்டு பேர். அவர்களது ஆதார், வீட்டு வரி ரசீது, தேவைப்பட்டால் சொத்து மதிப்புச் சான்று என்று ஓட வேண்டியிருக்கும். தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்திடவேண்டும் என்ற நிபந்தனையும் வரலாம். தம்பி வேலைக்குப் போகிறவர் என்றால் அதை மனுவிலேயே சொல்லச் சொல்லுங்கள். பங்காளிகள் எதிரே நிற்கும் ஊரில் பிணைக்கு ஆள் கிடைப்பது லேசல்ல. தாய்மாமன் வகையில் இப்போதே இரண்டு பேரிடம் பேசி வையுங்கள்.