அந்த போர்ட்ஃபோலியோவை அனுப்பாதீர்கள்

சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டும் தந்தை ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நன்றாக வரைவாள், வடிவமைப்புதான் படிப்பேன் என்கிறாள். சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமனோ, "படம் போடுவதையெல்லாம் இனி ஏஐ பார்த்துக்கொள்ளும்" என்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல், இல்லையென்றால் 'ஏஐ டிசைன்' என்று விளம்பரம் செய்யும் தனியார் பல்கலைக்கழகம், இரண்டில் ஒன்று என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய போர்ட்ஃபோலியோவை, அதாவது அவளே வரைந்த படங்களின் தொகுப்பாக இருக்க வேண்டியதை, மாமாவின் மகன் ஏஐயில் ஒரே இரவில் தயாரித்தும் கொடுத்துவிட்டான். அதில் தன் பெயரைப் போட மாட்டேன் என்று மகள் அழுகிறாள். "எல்லோரும் செய்வதைத்தானே செய்கிறோம், இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?" என்பது தந்தையின் கேள்வி.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் இந்தத் தொழில் புரிந்தவர் உங்கள் மகள் மட்டும்தான்.

போர்ட்ஃபோலியோவை அனுப்பினால், 'இதை நான் வரைந்தேன்' என்று எழுதிக் கொடுத்ததாகத்தான் பொருள். நேர்காணலில் ஒரு தாளை நீட்டி, "இந்தப் படத்தில் உள்ள பெண்ணையே முதுகுப்பக்கம் திரும்பி உட்கார்ந்தபடி வரைந்து காட்டு" என்றால் உங்கள் மகளால் முடியும். ஆனால் அப்போது மேசையில் இருப்பது அவளுடைய படமாக இருக்காது. திறமையுள்ள பிள்ளையைப் போலியாக நிறுத்தும் வேலை இது.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட காலண்டர் அச்சகங்கள் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சரஸ்வதிக்கு நான்கு கை: இரண்டு வீணையில், ஒன்றில் சுவடி, ஒன்றில் ஜபமாலை. ஏஐயிடம் கேட்டால் முகம் பளபளவென்று வரும். ஆனால் சில நேரம் ஐந்தாவதாக ஒரு கை முளைத்திருக்கும், அல்லது வீணையின் தந்திகள் பாதி வழியில் காணாமல் போயிருக்கும். அடியில் ஏதாவது எழுதச் சொன்னால் சில நேரம் தமிழ் போலவே இருக்கும், படிக்க முடியாது. அதைச் சரிசெய்ய வரையத் தெரிந்த ஆள்தான் வேண்டும். ஆனால் இந்தப் பிழைகளெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. இவற்றை நம்பி உங்கள் மகளை இந்தத் துறைக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன்.

பிழைகள் தீர்ந்தாலும் தீராத கேள்வி ஒன்று உண்டு: படம் யாருடையது? இந்தக் கருவிகளில் பல இணையத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான படங்களில் பழகியவை. வரைந்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர்கள் மூவர் வழக்குத் தொடுத்ததும் அதற்காகத்தான். அதே ஆண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ கருவி தந்த படங்களைக் கொண்டு உருவான 'ஸார்யா ஆஃப் த டான்' என்ற சித்திரக்கதையின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் மட்டும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் உரிமை தந்தது, படங்களுக்கு மறுத்துவிட்டது. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினியால் உருவாகும் படைப்புக்கு அதை 'உருவாகச் செய்தவரே' ஆசிரியர் என்று ஒரு வரி இருக்கிறது. அது 1994 திருத்தத்தில் சேர்ந்தது. அப்போது இந்தக் கருவிகளே கிடையாது.

ஒரு தீப்பெட்டி லேபிளை இப்படிச் செய்து கொடுத்து, நாளை போட்டிக் கம்பெனி அதையே அச்சடித்தால், "இது என்னுடையது" என்று வாடிக்கையாளர் உறுதியாக நிற்க முடியுமா? அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியது வடிவமைப்பாளர்தான்.

மகள் ஏஐயைத் தொடவே கூடாது என்பதல்ல என் கட்சி. வண்ணச் சேர்க்கை பார்க்க, பத்து யோசனைகளை வேகமாக அலச, தாராளமாகப் பயன்படுத்தட்டும். பயன்படுத்தியதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் பாணியில் கேட்கக் கூடாது. சந்தைக்கு வராத பொருளின் பெட்டி வடிவத்தைப் பொதுக் கருவியில் ஏற்றக் கூடாது. அது வாடிக்கையாளரின் ரகசியம். ஏஐ படங்களை ஏற்கும் அடோபி ஸ்டாக் என்ற பட விற்பனைத் தளத்திலேயே, அப்படி உருவானது என்று குறிப்பிடாமல் கொடுக்க முடியாது.

இனி படிப்பு. பொறியியலை விட்டுவிடுகிறேன், அவள் கேட்கவே இல்லை. என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்), நிஃப்ட் (NIFT, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) நுழைவுத் தேர்வுகளைப் பற்றிச் சொல்ல ஊருக்கு ஊர் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. 'ஏஐ டிசைன்' பட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: மிட்ஜர்னி பொதுமக்கள் கைக்கு வந்ததே 2022இல்தான். இவ்வளவு வேகமாக மாறும் கருவியை நம்பி நான்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவது, கறந்த பாலை வருடக் கணக்கில் சேமித்து வைப்பது போன்றது.

யாரும் உங்களிடம் சொல்லாத இடம் சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சவுத்ரி முதல்வராக இருந்த இடம். உங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி: கோவில்பட்டியில் இருந்துகொண்டு, சிவகாசி அச்சில் வீடு வீடாகப் போன தெய்வப் படங்களை வரைந்த கொண்டையராஜு படித்ததும் இங்கேதான். நீங்கள் ஓட்டும் மெஷினுக்கும் அந்தக் கல்லூரிக்கும் பழைய உறவு இருக்கிறது.

அங்கே பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல. காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்), துணி வடிவமைப்பு, சுடுமண் கலை என்றும் பிரிவுகள் உண்டு. உங்கள் மகளுக்குக் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு பொருந்தும்: எழுத்து வடிவம், போஸ்டர், பேக்கேஜிங் எல்லாம் அதற்குள் வரும். பொறியியல் கட்-ஆஃப் இங்கே செல்லாது. வரைந்து காட்ட வேண்டும். ஒரு பானையின் மேல் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே திரும்புகிறது என்று மணிக்கணக்கில் பார்த்து வரைந்த பிள்ளை, ஏஐ கொடுக்கும் படத்தில் நிழல் தப்பாக விழுந்திருப்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடும். மென்பொருளை விடுமுறையில் உங்கள் அச்சகத்தின் டிசைன் பிரிவிலேயே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். குறையும் உண்டு: கம்பெனிகள் வளாகத்துக்கு வந்து வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலையை அவள்தான் தேடிப் போக வேண்டும்.

பண விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வழக்கமான கல்விக்கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பிணை கேட்கும். உங்களிடம் இருப்பது வீட்டுப் பத்திரம் ஒன்றுதான். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும் துறைக்கு அதை அடகு வைக்காதீர்கள். மைத்துனர் வற்புறுத்தினால், கடனில் இணை விண்ணப்பதாரராக அவர் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள்.

பிளஸ் டூ முடிவுகளை ஒட்டி வரும் சேர்க்கை அறிவிப்பைக் கவனியுங்கள். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். அவள் பழைய நோட்டுகளில் வரைந்ததை, அழித்துத் திருத்திய பக்கங்களையும் சேர்த்து, அப்படியே எடுத்துக்கொண்டு போகட்டும்.